சிறு விமானத்தின் எஞ்சின்

விமானத்திற்கு ஆற்றல் அளிப்பது அதன் எஞ்சின். அவ்வெஞ்சினைச் சிற்றுருவில் அமைத்து, உண்மையெனத் தோன்றுமாறு வண்ணந்தீட்டுவது ஒரு நுண்கலையாகும். பொழுதுபோக்கே எனினும் இக்கலை ஒருகாலத்தில் நாட்டுப் பணியாகவும் விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் மாதிரி விமானங்களைச் செய்து படையினருக்கு அளித்தனர். ஆறு அடி நீளத்தை ஓர் அங்குலமாகச் சுருக்கும் அளவில் அவை அமைந்தன. வடிவைக் கண்டு விமானத்தை இனங்காண்பதே அவற்றின் நோக்கமாதலால், கருநிறம் ஒன்றே போதுமானதாயிற்று. உண்மைத் தோற்றம் வேண்டுவோர்க்கோ அது போதாது.

டக்கோட்டா விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1947ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நம் படைவீரரைச் சீநகரில் இறக்கியது இவ்வகை விமானமே. அதன் எஞ்சின் ஒவ்வொன்றிலும் 14 உருளைகள் இரு வரிசையாக வட்டமாய் அமைந்துள்ளன. ஏறத்தாழ 48 அங்குலக் குறுக்களவுடைய அவ்வெஞ்சின், மேற்கூறிய அளவில் 17 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

உருளைகளைச் சுற்றி மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். வெப்பத்தைக் காற்றில் பரப்பிவிடுவதே அவற்றின் வேலை. பெரிய எஞ்சினில் அத்தகடுகளின் இடுக்குகளில் நிழல் தானே படியும். சிற்றுருவிலோ இடுக்குகள் மிகவும் ஆழமற்றவை. ஆதலின் நிழலையும் கலைஞனே தீட்டவேண்டும். முதலில் உருளை முழுவதையும் கருமையாக்குவர். அது உலர்ந்தபின், வெள்ளி வண்ணத்தில் தோய்த்த தூரிகையைத் துணியில் துடைத்து, ஈரம் அற்றுப்போகும் நிலையில் தகடுகளின்மேல் மெல்ல வருடுவர். மேடுகள் ஒளிரும், பள்ளங்கள் கருத்தே நிற்கும்.

புகைக் குழாயைத் தீட்டுவதற்கு வெப்பத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மெருகிட்ட எஃகைச் சூடாக்கினால், ஏறத்தாழ 230 பாகையில் வைக்கோல் நிறமும், 280 பாகையில் ஊதாவும், 300 பாகையில் நீலமும் தோன்றும். எஃகின்மீது படரும் மெல்லிய ஆக்சைடுப் படலமே இதற்குக் காரணம். நெடுநாள் வெந்த குழாயோ பழுப்பேறிச் சாம்பல் நிறம் அடையும். இதனை அறியாதவன் குழாய்க்கு வெள்ளி பூசி, எஞ்சினைப் பொம்மையாக்கிவிடுவான்.

வெள்ளி வண்ணத்திற்குப் பளபளப்புத் தருவது பெரும்பாலும் அலுமினியத் தூள். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளம் முதலிய ஊர்களில், வாண வேடிக்கையின் வெண்பொறிக்கு உதவுவதும் அதுவே. மாதிரியில் ஒளியை ஏந்தும் அதே பொருள், காற்றில் புழுதியாகப் பறந்து சிறு பொறியொன்று பட்டால் வெடிக்கும். வேறு மருந்துகளுடன் சேரின் அதன் வேகம் மிகும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்து இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. வெடிபொருள் எதுவாயினும் அதனை அணுகுவதில் எத்துணை விழிப்பு வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

ஆகவே, மாணவர் எவரும் பட்டாசைப் பிரித்தோ, தூளை வாங்கிக் கலந்தோ வண்ணம் செய்தல் கூடாது. நீரில் கரையும் ஆயத்த வண்ணங்கள் இன்று கிடைக்கின்றன. எவ்வண்ணமாயினும் காற்றோட்டமுள்ள இடத்தில், தீயிற்கு அப்பால் வைத்துத் தீட்டுதல் நன்று. பொருளின் அழகை அறிவதோடு அதன் இயல்பையும் அறிபவனே நல்ல கலைஞன்.