துளை போடாமல் பொருத்தலாம்... கயாக் படகில் மீன் காட்டும் கருவி!

ஒரு போகம் மானாவாரி நெல், மீதி நாளெல்லாம் கடல். பாக் நீரிணைக் கரையோரத்தில் இப்படி வாழும் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படியொரு வாசகர் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து போன் செய்தார். தூண்டில் போடுவதற்காக, ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் கயாக் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறார். நெல் விற்ற காசில் மீன் காட்டும் கருவியும் வாங்கி, மகன் கையாலேயே பொருத்தியிருக்கிறார். இருக்கைக்குப் பின்னால் அடிப்பகுதியில் 4 துளை, 4 திருகு.

பத்து நாள் பிரச்னை இல்லை. அதற்கடுத்த ஒரு காலையில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, படகு காரணமில்லாமல் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியிருக்கிறது. பையன் பதறாமல் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்துவிட்டான். படகைச் சாய்த்து வடிகால் திருகைக் கழற்றியதும் கொட்டியது ஐந்தாறு வாளித் தண்ணீர்.

“எங்க தப்பு பண்ணினோம்? அந்தக் கருவியே வேண்டாமா?” என்று கேட்டார். கருவி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பொருத்திய விதம்தான் தப்பு. இதே கேள்வி இன்னும் சிலரிடமிருந்தும் வந்திருப்பதால் விரிவாகவே பார்த்துவிடலாம்.

கட்டுமரம் வேறு, கயாக் வேறு

மேலே உட்காரும் வகைக் கயாக்கைப் பார்த்தால் நம் கட்டுமரம் நினைவுக்கு வரும். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் தங்காது, தளத்தில் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியாகக் கடலுக்கே போய்விடும். ஆனால் கட்டுமரம் முழுக்க மரம். அதில் ஆணி அடித்தாலும் மிதக்கும். கயாக் உள்ளே வெற்றாக இருக்கும் மூடிய குடம். அதன் அடியில் போடும் ஒவ்வொரு துளையும் குடத்தில் போடும் துளைதான். உள்ளே புகுந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. படகு சாயும் பக்கமெல்லாம் அதுவும் சேர்ந்து ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அன்று அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான்.

ஆக, முதல் விதி இது. நீர்மட்டத்துக்குக் கீழே கயாக்கில் துளை போடவே கூடாது. போடவேண்டிய அவசியமும் இல்லை.

கருவி எப்படிப் பார்க்கிறது?

விசைப்படகுக்காரர்கள் ‘எக்கோ’ என்று சொல்வதும் இதே வகைக் கருவிதான். ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948-ல் இதை மீன்பிடித் தொழிலுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உள்ளங்கை அளவுத் திரையோடு கயாக்குக்கும் வந்துவிட்டது.

இதில் இரண்டு பாகங்கள். ஒன்று நாம் பார்க்கும் திரை. மற்றொன்று தண்ணீரைப் பார்த்து இருக்கவேண்டிய டிரான்ஸ்டியூசர். டிரான்ஸ்டியூசர் ஒலியைக் கீழே அனுப்பும். அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் திரை ஆழத்தைக் காட்டும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும்.

இந்த ஒலிக்கு ஒரே எதிரி காற்று. நீரில் போகும் ஒலி காற்றில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். மீனின் வயிற்றில் உள்ள காற்றுப்பை திரையில் பளிச்சென்று தெரிவதற்கும், காற்றுப்பை இல்லாத கணவாய் மங்கலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். அதேபோல், டிரான்ஸ்டியூசருக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் இருந்தால் போதும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் குருடாகிவிடும். நான் முதன்முதலில் பொருத்தியபோது பசைக்குள் குமிழிகள் மாட்டிக்கொண்டன. மூன்று நாள் கருவியைத் திட்டிய பிறகுதான் தப்பு என் கையில் என்று தெரிந்தது.

பொருத்த மூன்று வழிகள்

1. பக்கவாட்டுக் கை: படகின் ஓரத்தில் கவ்வியால் பிடிக்கும் குழாய் அல்லது அலுமினியக் கை. அதன் நுனியில் டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் நேரே கீழே பார்த்து நிற்கும். துளை வேண்டாம், கழற்றுவது சுலபம். பி.வி.சி. குழாயிலேயே செய்துகொள்ளலாம். கரை ஏறும்போதும், பாசி, வலைக்கயிறு மாட்டும்போதும் மேலே தூக்கும்படி இருக்கவேண்டும். முதல்முறை பொருத்துபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

2. உள்ளே வைப்பது: படகின் உட்புறத்தில், அடித்தட்டின் மேலேயே டிரான்ஸ்டியூசரை வைப்பது. கெட்டியான பிளாஸ்டிக் வழியாகவும், ஒற்றைக் கெட்டி ஃபைபர் வழியாகவும் ஒலி போகும், சற்று வலு குறையும். நடுவில் நுரை வைத்த அடித்தட்டு என்றால் போகாது. பெரும்பாலான கயாக்குகள் பாலிஎதிலீன். அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. அதனால் செருப்பு அட்டை போன்ற நுரை ரப்பரில் ஒரு வளையம் வெட்டி, அடித்தட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்து ஒட்டுங்கள். வளையத்துக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர்தான் காற்றை விரட்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வளையத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்த முறையில் கருவி காட்டும் வெப்பநிலை படகின் உட்புறத்து வெப்பநிலை, கடலுடையது அல்ல.

3. வடிகால் ஓட்டை வழி: சில கயாக்குகளில் டிரான்ஸ்டியூசர் வைப்பதற்கென்றே அடியில் பள்ளமும் ஓட்டையும் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் வடிகால் ஓட்டையை அடைத்து அதில் பொருத்த முயலவேண்டாம். மணலில் இழுக்கும்போது முதலில் உடைவது அதுதான்.

வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தரையைப் படம்போலத் துல்லியமாகக் காட்டும் ‘ஸ்கேன்’ வகைகள், பக்கவாட்டில் பார்க்கும் வகைகள் ஆகியவற்றின் டிரான்ஸ்டியூசர் தண்ணீரிலேயே இருக்கவேண்டும். அவற்றை உள்ளே வைத்தால் கொடுத்த காசு வீண்.

ஒட்டுவதற்கு முன் சோதனை

ஊர்க் கண்மாய் போதும். படகு ஓரத்தில் டிரான்ஸ்டியூசரைக் கையால் தண்ணீரில் பிடித்து, திரை காட்டும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு அது சரியா என்று பாருங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் டிரான்ஸ்டியூசரைப் போட்டு, படகுக்குள் அடித்தட்டில் வைத்துப் பாருங்கள். அதே ஆழம் வந்தால் அந்த இடம் சரி. வராவிட்டால் சற்று நகர்த்துங்கள். தட்டையான, வரிப்புடைப்பு இல்லாத, எப்போதும் நீரில் அமிழ்ந்திருக்கும் இடமே பெரும்பாலும் ஒத்துவரும். சோதனை முடியும்வரை பசையைத் தொடவேண்டாம்.

டிரான்ஸ்டியூசர் வயரை வெட்டிச் சுருக்கக் கூடாது, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவையுங்கள். மேல்தளத்தில் வயர் போகத் துளை போட்டே ஆகவேண்டும் என்றால், ரப்பர் அடைப்போடு இறுகும் வயர் கிளாண்டு போடுங்கள். திரையை முழங்காலுக்கு முன்னால், துடுப்பு தட்டாத இடத்தில் வைத்து, ஒரு கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள்.

பேட்டரி: தெளிப்பானில் இருப்பதே போதும்!

இதற்கு 12 வோல்ட் வேண்டும். முதுகில் மாட்டும் பேட்டரி தெளிப்பான்கள் பலவற்றில் இருக்கும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரியே போதுமானது. சிறிய திரை உள்ள கருவி மணிக்கு அரை ஆம்பியர் அளவு இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்கூட 8 மணி நேரம் ஓடும். ஒரு காலைத் தொழிலுக்கு இது தாராளம்.

பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். எத்தனை ஆம்பியர் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும். பேட்டரியைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து, உருளாதபடி கட்டுங்கள். சார்ஜ் போடும்போது மட்டும் டப்பாவிலிருந்து வெளியே எடுத்துவிடவேண்டும், வாயு தங்கக் கூடாது. கரைக்கு வந்ததும் இணைப்புகளை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பு முதலில் தின்பது செம்பு முனைகளைத்தான்.

திரையை எப்படிப் படிப்பது?

திரையின் வலது ஓரம்தான் ‘இப்போது’. இடது பக்கம் இருப்பதெல்லாம் கடந்து வந்தது. இடதுபக்கம் தெரிந்த மீனுக்குத் தூண்டில் போட்டால் பயனில்லை.

தரைக்கோடு தடித்து, அதற்கும் கீழே இன்னொரு கோடு தெரிந்தால் அது பார் அல்லது கெட்டித் தரை. மெலிந்து மங்கினால் சேறு. கோட்டின் மேல் புகைபோல எழுந்து நின்றால் கடல்புல். படகு நகரும்போது மீன் வளைந்த வில்லாகத் தெரியும். படகு நின்றால் அதே மீன் நீளக்கோடாகத் தெரியும். மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மிதக்கும் பாசிக்கும் காற்றுக்குமிழிக்கும்கூட அது மீன் படம் போடும். என்ன மீன் என்பதையும் இந்தக் கருவி சொல்லாது.

அது பார்க்கும் பரப்பும் நாம் நினைப்பதைவிடச் சிறியது. 20 பாகைக் கூம்பாக ஒலி அனுப்பும் கருவி, ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அகலத்தைத்தான் பார்க்கும். 5 மீட்டர் ஆழத்தில் ஒரு கயிற்றுக்கட்டில் நீளம். 30 மீட்டரில் பத்தரை மீட்டர். பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழம்தான். அதனால் இங்கே இந்தக் கருவியை மீன் தேட வாங்காதீர்கள், தரையைத் தெரிந்துகொள்ள வாங்குங்கள். பார் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது, புல் எங்கே நிற்கிறது என்பது தெரிந்தால் மீன் எங்கே நிற்கும் என்பதை உங்கள் அனுபவம் சொல்லிவிடும். கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்துப் பாரைக் கண்டுபிடித்த அப்பாவின் கணக்கோடு இந்தத் திரையும் சேரும்போதுதான் போட்ட காசு திரும்பும்.

முழங்கால், இடுப்பு ஆழத்தில் வலை விடுபவர்களுக்கு இது தேவையே இல்லை. அந்தக் காசில் நல்ல உயிர்காப்பு உடை வாங்குங்கள். கயாக்கில் இன்ஜின் கிடையாது. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் நாட்களில் திரையைப் பார்த்துக்கொண்டே எல்லை வரை போய்விடக் கூடாது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை, காற்று எச்சரிக்கைகளையும் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளையும் இலவசமாகவே வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்கள், 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்கா எல்லைக்குள் போகவேண்டாம்.

போன் செய்த வாசகர் இப்போது 4 துளைகளையும் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து அடைத்து, பி.வி.சி. குழாயில் பக்கவாட்டுக் கை செய்துவிட்டார். கடலுக்குப் போகும் முன் கண்மாயில் ஒருநாள் மிதக்கவிட்டு, வடிகால் திருகைத் திறந்து பார்க்கச் சொன்னேன். “ஒரு சொட்டு வரல” என்று பையனே போன் செய்தான்.

வாசகர் கேள்விகள்

பரிசலில் பொருத்தலாமா?

பொருத்தலாம், பக்கவாட்டுக் கை முறையில் மட்டும். மூங்கில் பின்னலுக்கு நடுவே காற்று இருப்பதால் உள்ளே வைத்தால் வேலை செய்யாது. பரிசல் சுழலும் என்பதால் கையை இறுகக் கட்டவேண்டும். அணையில் மீன்பிடிக்க உரிமம் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பண்ணைக்குட்டையில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ண முடியுமா?

முடியாது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது பார்ப்பது ஒன்றரை அடி அகலம்தான். மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டு, சில மீன்களை எடைபார்த்துச் சராசரி எடுப்பதே சரியான வழி.

தூண்டில் நரம்பில் கட்டி வீசும் மிதவைக் கருவி எப்படி?

துளையும் வேண்டாம், வயரும் வேண்டாம். செல்போனே திரை. ஆனால் வெயிலில் போன் திரை மங்கும், உப்புநீர் பட்டால் போன் போய்விடும். கண்மாய், ஏரிக் கரையிலிருந்து தூண்டில் போடுபவர்களுக்கு ஏற்றது.