இலை இல்ல பாஸ்... விலங்கு!

தண்ணி ஊத்த வேண்டாம்... வெயில்ல வைக்க வேண்டாம்... உரமும் வேண்டாம். ஆனா, பச்சைப் பசேல்னு அப்படியே நிக்கும்! இப்படி ஒரு செடி கிடைச்சா யாருதான் விடுவாங்க? ‘ஏர் ஃபெர்ன்’ என்ற பெயரில் மேல்நாடுகளில் இதை அலங்காரச் செடியாக விற்றார்கள். ரகசியம் ரொம்ப சிம்பிள். அது செடியே இல்லை. காயவைத்து, பச்சைச் சாயம் ஏற்றப்பட்ட கடல் விலங்கு!

பேரு ஹைட்ராய்டு. ஜெல்லி மீனும் பவளமும் இவருக்குச் சொந்தக்காரங்க. கடலோரப் பாறையிலும் பாசியிலும் ஒட்டிக்கிட்டு, சில சென்டிமீட்டர் உயரத்துக்கு இறகு மாதிரி வளரும். அலை கரையில் ஒதுக்கிவிட்டால், ‘ஏதோ பாசி’ன்னு தாண்டிப் போய்க்கிட்டே இருப்போம்.

வியாபாரி கண்டுபிடிச்ச விஷயம்

ஒரு காலத்தில் படிச்சவங்களே இதைச் செடின்னுதான் நம்பினாங்க. லண்டன் வியாபாரி ஜான் எல்லிஸுக்குக் கடற்பாசிகளை அட்டையில் அழகாக ஒட்டி வைப்பதில் ஆசை. அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவருக்குச் சந்தேகம் தட்டியது. கடற்கரைக்கே போய் உயிரோடு இருப்பவற்றைக் கவனித்தார். 1755-ல் புத்தகம் போட்டு, ‘இது விலங்கு’ என்று அடித்துச் சொன்னார். உயிரினங்களுக்கெல்லாம் பேர் வெச்ச லின்னேயஸே முழுசா ஒத்துக்கலை. தண்டு செடி, அதில் பூப்பது விலங்கு என்கிற ரேஞ்சில் இருந்தார்! ஆனாலும், 1767-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் காப்ளி பதக்கம் எல்லிஸைத் தேடி வந்தது.

ஒரே மெஸ், ஆயிரம் பேர்

ஒரு இறகு என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு காலனி. குட்டிக் குட்டி ‘பாலிப்’கள் வரிசையா உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே குடல். ஒருத்தர் பிடிச்ச சாப்பாடு எல்லோருக்கும் போகும். நம்ம ஹாஸ்டல் மெஸ் மாதிரிதான். ஆனா, இங்கே சண்டை கிடையாது! சாப்பாடு பிடிக்க ஒரு டீம், இனப்பெருக்கத்துக்கு ஒரு டீம், காவலுக்கு ஒரு டீம் என்று வேலையும் பிரித்தாயிற்று.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இறகு வடிவத்தை மட்டும் நம்பாதீங்க. சில பாசிகளும் அச்சு அசலா அப்படியே இருக்கும். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ் ஒண்ணு எடுத்துக்கங்க.

முதல்ல, கிளைகளில் கப்புகள் இருக்கா பாருங்க. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுதான் பாலிப் குடியிருக்கும் வீடு. பாசியில் இது இருக்காது.

அடுத்து, கப்புகள் எந்தப் பக்கம்? கிளையின் ஒரே பக்கமாக, ரம்பப் பல் போல வரிசை கட்டினால் ‘அக்லாஃபீனியா’ குடும்பமாக இருக்கலாம். ரெண்டு பக்கமும் இருந்தா ‘செர்டுலேரியா’ பக்கம் போங்க. ஏர் ஃபெர்ன் இந்த வகையறாதான்.

மூணாவது, மைக்ராஸ்கோப் கிடைச்சா ஒவ்வொரு கப்பையும் சுற்றி மூணு குட்டிக் குழாய் தெரியுதான்னு பாருங்க. அவங்கதான் செக்யூரிட்டி. சோளக்கதிர் மாதிரி ஒரு கூடையும் இருந்தா, அது இனப்பெருக்க அறை. அக்லாஃபீனியாவுக்கு இது நல்ல அடையாளம்.

கை வைக்காதே!

செக்யூரிட்டியை லேசா எடுத்துக்காதீங்க. அதுக்குள்ளே இருப்பது கொட்டும் செல்கள். இதே இனத்தைச் சேர்ந்த ‘ஹைட்ரா’வின் கொட்டும் ஊசியை 2006-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் அளந்து பார்த்தாங்க. பாய்வதற்கு ஆன நேரம் 700 நானோ செகண்ட். முடுக்கம், புவியீர்ப்பைப் போல 50 லட்சம் மடங்குக்கும் மேல்! நம்ம மெக்கானிக்கல் லேபில் இந்தக் கணக்கைக் கேட்டா ‘விடை தப்பு’ன்னு அடிச்சிடுவாங்க.

பல ஹைட்ராய்டுகள் நம் தோலை ஒன்றும் செய்வதில்லை. ஆனா, வெப்பக் கடல்களில் பரவலாக இருக்கும் ‘மேக்ரோரிங்கியா ஃபிலிப்பினா’ வேற ரகம். கருத்த தண்டு, வெளுத்த கிளை. பார்க்க பரம சாது. தொட்டா, தீயில் சுட்ட மாதிரி எரிச்சல், தடிப்பு. வாடிக் கிடந்தாலும் கொட்டலாம். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் நீரில் கழுவிட்டு, வீக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தா உடனே டாக்டரைப் பாருங்க.

உயிரோடு பார்க்க ஆசையா? கரை ஒதுங்கிய புதுத் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் எடுத்து, கடல் தண்ணி உள்ள கிண்ணத்தில் ஆடாம வைங்க. கொஞ்ச நேரத்தில் கப்புகளில் இருந்து பாலிப்கள் மெள்ள எட்டிப் பார்த்து, பூ மாதிரி கைகளை விரிக்கும். எல்லிஸ் பார்த்து அசந்துபோன அதே காட்சி.

அதனால, அடுத்த பீச் ட்ரிப்புக்கு லென்ஸை மறக்காதீங்க. கையை மட்டும் பாக்கெட்லயே வெச்சுக்கங்க!