அப்பாவையும் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள்

என் அப்பா கோலாலம்பூரில் ஓர் ஆபீஸில் 30 வருஷம் வேலை பார்த்தார். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, ஃபைல் தூக்குவது, கோப்பி வாங்கி வருவது. 55 வயசில் ஓய்வு பெற்றார். அன்றைக்கும் அங்கிருந்த 25 வயசு கிராணி அவரைக் கூப்பிட்டது "தம்பி" என்றுதான்.

கிராணி தமிழர் இல்லை. அவமானப்படுத்த நினைத்துச் சொல்லியிருக்கவும் மாட்டார். மலேசியா, சிங்கப்பூரில் பழைய ஆபீஸ் பேச்சில் 'தம்பி' என்பது உறவு இல்லை, உத்தியோகம். பியூன் வேலை பார்க்கிறவர் எந்த வயசானாலும் தம்பி.

மலாய் மொழி நம்மிடம் வாங்கிய மற்ற சொற்களைப் பாருங்கள். கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி'. உச்சரிப்பு மாறியதே தவிர கப்பல் கப்பலாகவே இருக்கிறது. ஆட்களைக் குறிக்கும் சொல்தான் அடிபடுகிறது. நமக்குக் 'கூலி' என்றால் வேலைக்குக் கிடைக்கும் காசு. மலாயிலும் ஆங்கிலத்திலும் அது அந்த வேலையைச் செய்கிற ஆள். அந்தச் சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. இருக்கட்டும், ரப்பர் தோட்டத்தில் அந்தப் பேரைச் சுமந்து நின்றது நம் ஆள்தானே.

எல்லாமே இறங்குமுகம் என்று சொல்ல மாட்டேன். 'மச்சான்' இங்கே 'மச்சா'வாகி, மலாய்ப் பையன், சீனப் பையன் வாயிலும் நட்பாகப் புழங்குகிறது. தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு 'மாமாக்' என்று பேர். அங்கே தே தாரேக் கேட்கிறவர் "ஆனே" என்கிறார், நம் அண்ணேதான். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தேநீர் ஆற்றுகிறவரைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். பக்கத்து மேசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் தமிழ் வக்கீலை யாராவது 'ஆனே' என்று கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்து இலை போடுகிறவர் நரைத்த தலையாக இருந்தாலும், "தம்பி, சாம்பார்" என்றுதான் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன்.

அப்படிக் கூப்பிடும்போது கோபம் வராதா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "மொதல்ல வந்துச்சுப்பா. அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, அவனுங்கள்ல பாதிப் பேருக்கு என் பேரே தெரியாது" என்றார்.

ஓய்வு பெற்ற அன்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் அவர் பேர் போட்டிருந்தது. ஓர் எழுத்து தப்பு.