"நானே செய்றேன்" என்கிற பிள்ளை



ஒன்றரை வயதாகும்போது பிள்ளை கரண்டியைப் பிடுங்கும். சட்டை போட்டுவிட வந்தால் கையைத் தட்டிவிடும். "நானே, நானே" என்று அழும். நாமும் "என்னா பிடிவாதம் இதுக்கு!" என்று அதட்டிவிடுகிறோம். இது பிடிவாதம் அல்ல, வளர்ச்சி. விழுந்து எழும்பி நடக்கப் பழகியதைப் போலவே, பிள்ளை தன் வேலையைத் தானே செய்யவும் பழகப் பார்க்கிறது.

விடிய எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஊட்டினால் பத்து நிமிடத்தில் முடிகிற சாப்பாடு, பிள்ளை தானே தின்றால் அரை மணி நேரம் ஆகும். ஆனால் நீங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் நேரம் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்காம்பராவில் ஒருவர் பல பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். தானே அள்ளித் தின்னத் தெரிந்த பிள்ளை பசிக்குத் தின்னும். தெரியாத பிள்ளை ஊட்டும் கைக்குக் காத்திருக்கும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதிகளில் இது சுமார் 32. இதற்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் கிடைக்கும் சாப்பாட்டைப் பிள்ளை விருப்பத்தோடு தின்னப் பழக்குவது நம் கையில் இருக்கிறது.

எந்த வயதில் என்ன?

1 வயதளவில் பிள்ளை ரொட்டித் துண்டு, அவித்த கிழங்கு, வாழைப்பழம் ஆகியவற்றைக் கையால் எடுத்துத் தின்னும். ஒன்றரை வயதில் கோப்பையைப் பிடித்துக் குடிக்கும், கரண்டியால் அள்ளப் பார்க்கும். பாதி கீழே சிந்தும், சிந்தட்டும். 2 வயதில் கரண்டியால் தின்னும். இரண்டரை வயதளவில் தளர்ந்த காற்சட்டையைத் தானே கழற்றும். 3 வயதில் போடவும் முயலும். கக்கா வருவதைச் சொல்லப் பல பிள்ளைகள் 2 வயதுக்கும் 3 வயதுக்கும் இடையில் பழகுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இல்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். தெரிந்த ஒன்றைப் பிள்ளை மறந்துபோவதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள்.

எப்படிப் பழக்குவது?

காலையில் அவசரம் என்றால் காலையில் வேண்டாம். அந்தி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் பழக்குங்கள். "சட்டையை எடு" என்று சிறு சொல்லாகச் சொல்லுங்கள். சட்டையைத் தலையில் நீங்கள் மாட்டிவிட்டு, கை நுழைப்பதைப் பிள்ளைக்கு விடுங்கள். செருப்பை இஸ்தோப்பில் ஒரே இடத்தில் வைக்கப் பழக்குங்கள்.

சாப்பிட முன்னும், கக்கா போன பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பீலி எட்டாத பிள்ளைக்கு ஒரு சிறு கோப்பையில் தண்ணி ஊற்றிவிடுங்கள், தேய்ப்பதைப் பிள்ளை செய்யட்டும். கை கழுவும் பழக்கம் வயிற்றோட்டத்தைக் குறைக்கும். பெரிய குழியைக் கண்டு பயப்படும் பிள்ளையை மலசலகூடத்தில் வற்புறுத்தி உட்கார்த்தாதீர்கள். ஒரு சிறு சட்டி போதும். சின்னப் பிள்ளையின் கழிவிலும் கிருமி உண்டு. அதை மலசலகூடத்தில் கொட்டி, நீங்களும் கை கழுவுங்கள்.

தகப்பன்மாரும் பக்கத்தில் உட்கார வேண்டும். தட்டை எடுத்து வைப்பது பெண்பிள்ளைக்கு மட்டும் உரிய வேலை அல்ல, ஆண்பிள்ளைக்கும் பழக்குங்கள். அம்மாயி, அப்பாயிமார் "பாவம் சின்னது" என்று எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். அது அன்புதான். அவர்களுக்கும் விசயத்தை விளங்கப்படுத்துங்கள்.

எதை விடக் கூடாது?

தானே செய்யப் பழகும் பிள்ளை எல்லாவற்றையும் தொடும். அடுப்பு, கொதிக்கும் கேத்தல், குப்பி விளக்கு ஆகியவற்றின் பக்கம் விடாதீர்கள். மண்ணெண்ணெயையும் தோட்டத்து மருந்தையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தானே குடிக்கப் பழகிய பிள்ளை அதையும் எடுத்துக் குடிக்கும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தீக்காயத்துக்குப் பற்பசை, எண்ணெய் பூசாமல், ஓடும் குளிர்ந்த தண்ணியில் 20 நிமிடம் பிடித்து, பிறகு மருந்துக்காரரிடம் காட்டுங்கள். முழுக் கச்சானை 5 வயது வரை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை தானே தின்னும், தானே உடுத்தும் என்பதற்காகக் காம்பராவில் தனியே விட்டுவிட்டு மலைக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. 3 வயதுப் பிள்ளையை 7 வயது அக்காவிடம் ஒப்படைப்பதும், அதற்காக அக்காவின் பள்ளிக்கூடத்தை நிறுத்துவதும் இரண்டு பிள்ளைகளுக்கும் கேடு. பெரியவர் ஒருவரின் கண் பிள்ளை மேல் எப்போதும் இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். அதைப் பிள்ளைக்காம்பராவில் பார்ப்பவரிடமும் சொல்லிவையுங்கள், அங்கேயும் அதையே பழக்கட்டும். பிள்ளை செய்து முடித்ததும் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை.