வேலியே பயிரை மேயும்பொழுது

பெங்களூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நிம்ஹான்ஸ் என்னும் பெயர் ஏச்சுச் சொல்லாகவே வழங்கி வருகிறது. அடங்காத பிள்ளையை அங்கே சேர்த்துவிடுவதாக மிரட்டுகிறோம். ஆயின் வீட்டில் ஒருவருக்கு மெய்யாகவே சித்தம் கலங்கினால், அவ்வாயிலை மிதிக்க அஞ்சுகிறோம். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வரோ, பெண்ணுக்கு வரன் அமையுமோ என்று மயங்கி, காற்றுச் சேஷ்டை எனக் கூறி மந்திரிப்பதற்காக ஊருக்கு ரயிலேற்றி விடுகிறோம். இவ்வாறு கழியும் நாட்கள் சில நோய்களில் உயிருக்கே உலை வைப்பவை.

உடலைக் காக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் உள்ளத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. கிருமி புகுந்ததும் நமது வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்னும் நுண்ணிய புரதங்களைச் சுரக்கின்றன. அவை இரத்தத்தின் வழியாகவும், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் செய்தி விடுக்கின்றன. காய்ச்சலில் உணவு கசப்பதும், பேச்சு வெறுப்பதும் இச்செய்தியின் விளைவே. உடல் தன் வலிமையைப் போருக்கெனச் சேமிக்கும் உபாயம் இது என்று பெஞ்சமின் ஹார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் விளக்கினார். முன்பு ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்பெரான் என்னும் சைட்டோகைனையே ஊசி மூலம் செலுத்தியபோது, நோயாளிகள் பலர் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாயினர்.

சிற்சில வேளைகளில் வேலியே பயிரை மேய்ந்துவிடுகிறது. கிருமியை அழிக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், மூளை அணுக்களின் மீதுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குகின்றன. 2007-இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் 12 பெண்களிடம் இந்நோயைக் கண்டு விவரித்தனர். இளம் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. சிலருக்குச் சூலகக் கட்டி இதன் மூலமாக அமைகிறது. முதலில் தலைவலியோ காய்ச்சலோ தோன்றும். பின்னர் சில நாட்களிலோ வாரங்களிலோ உறக்கம் கெட்டு, வீண் அச்சமும் பிதற்றலும் உண்டாகும். அதன்பின் வலிப்பு, வாய் கோணல், பேச்சின்மை என்று முற்றும். காண்போர் பேய் பிடித்ததென்றே எண்ணுவர்.

இதற்குச் சிகிச்சை உண்டு. முதுகுத்தண்டு நீரைச் சோதித்து நோயை அறிந்து, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் முதலிய மருந்துகளை அளிக்கின்றனர்; கட்டி இருப்பின் அகற்றுகின்றனர். 2013-இல் வெளியான ஆராய்ச்சியில், இரண்டாண்டு கண்காணிக்கப்பட்டவர்களுள் 100-க்கு 81 பேர் நன்கு தேறியிருந்தனர். காலம் தாழ்த்தாமல் சிகிச்சை பெற்றோரே மிகுதியும் நலமுற்றனர்.

மனமும் நரம்பும் ஒருங்கே ஆராயப்பட வேண்டும் என்பதற்கு நம் ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரியே சான்று. பழைய மனநோய் ஆஸ்பத்திரியும், 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிலையமும் 1974 டிசம்பர் 27-இல் இணைந்தே நிம்ஹான்ஸ் ஆயின. மனநோய் வைத்தியரும் நரம்பியல் வைத்தியரும் ஒரே வளாகத்தில் பணிபுரிகின்றனர். மூளைத் திசுக்களைச் சேமித்து ஆராயும் மூளை வங்கியும் 1995 முதல் அங்கு இயங்கி வருகிறது.

மனநோய் யாவற்றிற்கும் எதிர்ப்புச் சக்தியே காரணம் என்பது பொருந்தாது. ஆயினும் நேற்றுவரை நன்றாயிருந்த ஒருவர் திடீரென நிலைமாறி, உடன் காய்ச்சலோ வலிப்போ கண்டால், நாள் நட்சத்திரம் பாராது உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்க. மஞ்சட்காமாலைக்கு வெட்கப்படாத நாம் மூளையின் பிணிக்கு மட்டும் வெட்கப்படுவானேன்? பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு, பக்கத்திலேயே வாய்த்த ஓர் உதவியை ஏச்சுச் சொல்லாக்கி இழத்தல் தகாது.