டின்னில் வரும் சத்தும் சட்டியில் இருக்கும் சத்தும்

சம்பளம் போட்ட மறுநாள் மாலையில் நம் லயங்களின் பக்கம் யார் யாரோ வருகிறார்கள். துணி மூட்டைக்காரர் வந்ததும், பாத்திரம் தவணைக்குக் கொடுத்ததும் பழைய கதை. இப்போது வருபவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருக்கிறார். பட்டணத்துக்குக் குடிபோன மாமன் மகன், திருவிழாவில் பேசிப் பழகிய அக்காள், இப்படி. கையில் ஒரு டின். "இது குடலைச் சுத்தம் செய்யும், இனிப்புநீரைக் குறைக்கும், மூட்டு வலி போகும், பிள்ளைக்கு ஞாபக சக்தி வரும்" என்கிறார்கள். விலை 150 வெள்ளி, 200 வெள்ளி. சொந்தக்காரர் முகத்துக்காகவே வாங்கி வைத்த டின்கள் எத்தனை வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

நான் ஆசிரியன், வைத்தியன் அல்லன். ஆனாலும் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இந்தக் குடல் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன்.

நம் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். பெருங்குடல் ஒன்றரை மீட்டர். அந்தப் பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. ஒரு மனிதனின் உடம்பில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி இருக்கும் என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கிருமி என்றாலே அருவருக்க வேண்டாம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை நமக்கு வேலை செய்பவை. நாம் தின்னும் கீரையிலும் பருப்பிலும் உள்ள நார்ச்சத்தை நம் வயிற்றால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இந்த நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து ஒருவகை அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுவே முக்கியமான தீனி. உட்சுவர் உறுதியாக இருந்தால் கெட்டது உள்ளே புகாது. நோய் எதிர்ப்புச் சக்தியின் பெரிய படையும் அந்தச் சுவரை ஒட்டியே நிற்கிறது. மூளைக்கும் குடலுக்கும் நேரே நரம்புத் தொடர்பு உண்டு. பரீட்சை நாளில் பிள்ளைக்கு வயிறு கலக்குவது இதனால்தான்.

ஆகவே குடல் நலமாக இருந்தால் உடம்பு நலமாக இருக்கும் என்று டின் விற்பவர் சொல்வதில் பொய் இல்லை. அதற்கு அந்த டின்தான் வேண்டும் என்பதே சங்கடம். குடலைக் கழுவிச் சுத்தம் செய்ய அது சாக்கடை அல்ல. தினமும் தானே தள்ளித் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அது கேட்பது நார்ச்சத்தும் தண்ணீரும் நேரமும்.

இந்த மூன்றும் தோட்டத்தில் எப்படி இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, சீனி போட்ட தேத்தண்ணியை அவசரமாக விழுங்கி, பிரட்டுக்கு ஓடவேண்டும். காலைக்கடனுக்கு உட்கார நேரம் இல்லை. நிரையில் ஒதுங்க இடம் இல்லை என்பதால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வெயிலில் வேர்த்து ஊற்றும் உடம்புக்கு இது கொடுமை. பசியாறுவது வெள்ளை ரொட்டி அல்லது மேகி மீ. பிறகு மலச்சிக்கல், மூலம், வயிற்று உப்புசம். இவ்வளவுக்கும் பிறகு 200 வெள்ளி டின்! பத்து நிமிடம் முன்னதாக எழுவதும், ஒரு போத்தல் தண்ணீர் கூடக் கொண்டுபோவதும் எந்த மாவையும்விட மலிவு. பெண்களுக்கு ஒதுக்கிடம் வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

நார்ச்சத்துக்கு வெகு தூரம் போக வேண்டாம். வேலியோரத்து முருங்கை, காங்கோங், வல்லாரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பயறு, கடலை எல்லாம் அதுதான். பழைய சோற்றை நாம் ஏழையின் சாப்பாடு என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டோம். சமைத்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத தன்மை அடைகிறது. அது நார்ச்சத்தைப்போலவே பெருங்குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனி ஆகிறது. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறும்போது புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அதில் பெருகுகின்றன. கொதித்து ஆறிய நீரை ஊற்றி, மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடவேண்டும், அதுவும் சோறுதான். தயிரும் மோரும் இதே இனம். மலாய்க்காரர்கள் 'தைரு' என்று சொல்வது நம் தயிரைத்தான். வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அதில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே பேசுவது சும்மா அல்ல.

கடையில் சிறிய குப்பிகளில் விற்கும் புளித்த பாலைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் நல்ல நுண்ணுயிர் இருப்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் அவை குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. குடிப்பதை நிறுத்தினால் சில நாட்களில் வெளியேறிவிடுகின்றன. சீனியும் உண்டு. பிள்ளை ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், மருந்து என்று நினைத்து வேண்டாம்.

அப்படியானால் சத்து மாத்திரையே வேண்டாமா? வேண்டியவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தாய் சேய் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் வீணில்லை. மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று அவற்றைக் குப்பையில் போடுகிறவர்களை நான் அறிவேன். மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு. வயிறு கட்டினால் மிஸ்ஸியிடம் சொன்னால் வழி சொல்வார். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: மாத்திரையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். ஒரு கொய்யா சாப்பிட்டால் நல்லது. அதன் 'சி' சத்து இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் அந்தச் சத்து உண்டு, ஆரஞ்சில் உள்ளதைப்போல் பல மடங்கு. மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவுமே தொடாதவர்களுக்கு 'பி12' தேவை. இனிப்புநீருக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

வெளிறிப்போன பிள்ளைக்கு டானிக் வாங்குமுன் வயிற்றில் புழு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கொக்கிப் புழு வெறுங்காலின் தோல் வழியே உள்ளே போய்க் குடலில் இருந்துகொண்டு இரத்தத்தைக் குடிக்கும். இந்நாட்டுப் பள்ளிகளில் 1974 முதல் 1983 வரை புழு மருந்து கொடுக்கும் திட்டமே நடந்தது. புழுவை வைத்துக்கொண்டு டானிக் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும்.

எனக்கு வருத்தம் தருவது பண நஷ்டம் மட்டும் அல்ல. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஒரு மாவைக் குடித்தால் போதும், இனிப்புநீர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, மூன்று மாதம் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. இன்று அவரால் முன்போல் குலை வெட்ட முடியவில்லை. உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத இனிப்புநீர்தான். இந்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு அது இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது.

டின் கொண்டுவருகிறவரிடம் கோபப்பட வேண்டாம். அவரும் யாரையோ நம்பி முதல் போட்டவர்தான். ஆனால் டின்னைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாத்திரையோ காப்ஸ்யூலோ என்றால் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் மின்னும் ஒட்டுச் சீட்டும் இருக்கவேண்டும். எண் இருப்பதால் நோய் தீரும் என்று அர்த்தமாகாது. அதில் ஒளித்துக் கலப்படம் இருக்கக்கூடாது என்பதற்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. மூட்டு வலிக்கு விற்ற பதிவில்லாத மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, முகமும் உப்பிவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல், டின்னோடு டாக்டரிடம் போங்கள். உணவு மாவாக விற்பவற்றுக்கு அந்த எண் தேவையில்லை. ஆனால் நோயைத் தீர்க்கும் என்று சொல்லவும் அவற்றுக்கு உரிமை இல்லை. இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, பல வாரமாக மலம் கழிக்கும் வழக்கம் மாறிப்போவது, இவற்றில் எது இருந்தாலும் மாவு கரைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. போகும்போது அலமாரியில் உள்ள டின்னையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.