பருத்தித் துணியின் இரசாயனப் பதம்

ஆடை என்றவுடன் நெய்தவன் கைத்திறனை நினைக்கின்றோம். தைத்தவன் கைத்திறனை மெச்சுகின்றோம். இவ்விருவர்க்கும் இடையே நின்று, தறியிலிருந்து இறங்கிய முரட்டுத் துணியை உடுத்தற்கு உரியதாக்கும் மூன்றாமவனை நினைப்பார் சிலரே. தறியை விட்டு இறங்கும் பருத்தித் துணி பழுப்பு நிறமுடையது. கஞ்சி ஏறி விறைத்தது. நீரை எளிதில் ஏற்காதது. சாயத்தைச் சீராகப் பற்றாதது. அது வெண்மையும் மென்மையும் மினுக்கும் பெற்று, கசங்காமல் நம் தோளிற் கிடப்பதற்கு இரசாயனமே காரணம். அவ்விரசாயனம் துணிக்கு எதனைக் கொடுக்கின்றது, அதற்கு ஈடாக எதனை எடுத்துக்கொள்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கலை நம்மவர்க்குப் புதியதன்று. உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் வைக்கும் சலவைத் தொழிலாளர், சோடியங் காபனேற்று என்னும் காரத்தை வெப்பத்தோடு சேர்த்து அழுக்கையும் மெழுகையும் நீக்கினர். அதன் பெயரை அறியாதிருந்தனரேயன்றிச் செயலை நன்கு அறிந்திருந்தனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழ்ந்தெடுத்த சாயவேர் ஒல்லாந்தர் காலத்தில் அரசுக்கு வருவாய் தந்த பொருள். படிகாரமூட்டிய துணியிலேயே அவ்வேரின் செம்மை நிலைத்து நின்றது. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒருபுறம் நூலையும் மறுபுறம் சாயத்தையும் பற்றிக்கொண்டமையே அதற்குக் காரணமாகும்.

ஆலைத்தொழிலும் கொழும்புக்கு நன்கு அறிமுகமானதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வெள்ளவத்தை நூல் நூற்றல் நெசவு ஆலை நெடுங்காலம் இத்தீவின் முதன்மையான நெசவாலையாக விளங்கிற்று. 1933ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தம் நம் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அவ்வாலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமனைகள் நிற்கின்றன. பின்னர் வேயங்கொடை, துல்கிரிய, பூகொடை ஆகிய இடங்களில் அரசு பெரிய நெசவாலைகளை நிறுவியது. இன்றோ ஆடையே நம் நாட்டின் தலையாய கைத்தொழில் ஏற்றுமதியாக உள்ளது. ஆதலின் துணியின் இரசாயனம் நமக்கு ஏட்டுக்கல்வி மட்டுமன்று, ஊர்க்காரியமும் ஆகும்.

முதலிற் பருத்தி இழையின் இயல்பை அறிதல் வேண்டும். பருத்தி என்பது வித்தின்மேல் வளர்ந்த மயிர். காய் வெடித்தபின் அது காய்ந்து, உள்ளீடு ஒடுங்கி, முறுக்குண்ட நாடாப் போலாகின்றது. அதன் பெரும்பகுதி செலுலோசு. ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே செலுலோசு மூலக்கூறு. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. இவை நீரை நாடுபவை. நியமமான ஈரப்பதனுள்ள காற்றிற் பருத்தி தன் உலர்நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு நீரை ஏற்றிருக்கும். பொலியெசுத்தரோ நூற்றுக்கு அரைப் பங்குகூட ஏற்பதில்லை. நம்முடைய வெக்கையிற் பருத்தி உடல் வியர்வையை உறிஞ்சி இதமளிப்பதன் காரணம் இதுவே. மேலும், பருத்தி இழை ஈரநிலையில் உலர்நிலையினும் வலிமை மிக்கது. கல்லில் அடித்துத் துவைத்தாலும் அது தாங்குவது இதனாலேயாம். பருத்தியின் எல்லாக் குணங்களும், ஒருசில குற்றங்களும், அந்த ஐதரொட்சில் கூட்டங்களிலிருந்தே பிறக்கின்றன என்பதை மனத்திற் கொள்ளுதல் நன்று.

ஆலையில் முதற்பணி துப்புரவு. நெய்யும்போது பாவுநூல் அறாதிருக்க இட்ட கஞ்சி, மாப்பொருளைக் கரைக்கும் நொதியத்தாற் போக்கப்படுகின்றது. அடுத்து எரிசோடாக் கரைசலிற் கொதிக்கவைக்க, இயற்கை மெழுகும் பிறவும் நீங்குகின்றன. மெழுகு நீங்கிய பின்னரே துணி நீரைப் பருகுகின்றது. மூன்றாவது வெளிற்றல். பண்டு துணியைப் புல்வெளியில் விரித்து வாரக்கணக்கில் வெயில் காட்டுவர். சீலே 1774இற் குளோரீனைக் கண்டார். 1785இல் பேர்தொலே அதன் வெளிற்றுந் திறனைப் புலப்படுத்தினார். 1799இல் தெனன்ற் என்பார் வெளிற்றுந் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். வாரங்கள் மணித்தியாலங்களாகக் குறுகின. எனினும் குளோரீன் அளவு மீறின் செலுலோசுச் சங்கிலியையே அறுத்துவிடும். ஆதலால் இக்கால ஆலைகள் பெரும்பாலும் ஐதரசன் பரவொட்சைட்டையே விரும்புகின்றன. வெளிற்றிய பின் அது நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துபோகின்றது.

துப்புரவுக்கு மேற்பட்ட சிறப்புப் பதங்களுள் மூத்தது மேர்சரின் பெயரால் வழங்குவது. இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜோன் மேர்சர் 1844இற் செறிந்த எரிசோடாக் கரைசலைப் பருத்தித் துணியினூடாக வடித்தார். துணி சுருங்கித் தடித்து, வலிமை கூடி, சாயத்தை மிகுதியாகப் பற்றக் கண்டார். 1850இற் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் எரிசோடாவின் விலை அதிகம். துணியும் நூற்றுக்கு 20 பங்குக்கு மேலாகச் சுருங்கிற்று. அளந்து விற்கும் வணிகர் இந்நட்டத்தைப் பொறுப்பரோ? கண்டுபிடிப்பு நாற்பதாண்டு உறங்கிற்று. 1889–90இல் ஹொரஸ் லோ என்பார், கரைசலில் உள்ளபோதும் கழுவும்போதும் துணியைச் சுருங்கவிடாது இழுத்துப் பிடித்தார். சுருக்கம் நின்றதோடு, பட்டையொத்த மினுக்கும் தோன்றிற்று. காரம் புகுந்ததும் நாடாப் போன்ற இழை வீங்கி உருளை வடிவடைகின்றது. இழுவை அதன் முறுக்கை நீக்கி மேற்பரப்பை வழவழப்பாக்குகின்றது. ஒளி ஒரே சீராகத் தெறிக்கின்றது. உள்ளே செலுலோசுச் சங்கிலிகளின் அடுக்கும் மாறிவிடுவதால், கழுவினாலும் இம்மாற்றம் அகலாது. திருமணத்துக்கு வாங்கும் மினுக்கமான பருத்தி வேட்டிகள் பலவும் இப்பதம் பெற்றவையே. இது கொடுப்பது மிகுதி, எடுப்பது குறைவு என்னும் அரிய பதமாகும்.

கசங்காமைப் பதம் அத்தகையதன்று. பருத்தியின் பெருங்குறை கசங்குதல். அருகருகே கிடக்கும் செலுலோசுச் சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புகள் மெல்லப் பிடித்திருக்கின்றன. துணி மடங்கும்போது இவை விட்டு, சங்கிலிகள் வழுக்கி, புதிய இடத்திற் பிணைப்புகள் மீண்டும் உண்டாகின்றன. மடிப்பு அங்கேயே நிலைக்கின்றது. ஈரம் இதனை எளிதாக்கும். வியர்த்த முதுகிற் சட்டை விரைவிற் கசங்குவதைக் காண்கின்றோமன்றோ? சங்கிலிகள் வழுக்காதவாறு குறுக்கே நிலையான பாலங்களை இட்டால், பந்தற்கால்களைக் குறுக்குக் கழிகளாற் பிணைத்தாற்போல, இழை வளைந்தாலும் பழைய நிலைக்கே மீளும். மான்செஸ்ரரிலிருந்த தூற்றல் புரோட்கேர்ஸ்ற் லீ நிறுவனத்தார் இவ்வழியிற் சென்று, யூரியாவும் போமல்டிகைட்டும் சேர்ந்த பிசினைத் துணியுட் செலுத்திச் சூட்டில் இறுக்கும் முறைக்கு 1926இற் காப்புரிமை கோரினர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ரெரிலீன் முதலிய செயற்கை இழைகள் பருத்தியைச் சந்தையினின்றும் தள்ளத் தொடங்கியபோது, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்த அரச விவசாய ஆய்வுகூடத்தில் ரூத் பெனெரிற்றோ முதலிய அறிஞர்கள் இம்முறையை வளர்த்தனர். துவைத்து உலர்த்தி அப்படியே உடுக்கும் சட்டைகள் இவற்றின் விளைவு.

இங்கேதான் ஈடு கேட்கப்படுகின்றது. சங்கிலிகள் வழுக்குவதாலேயே இழை இழுவையைப் பகிர்ந்து தாங்குகின்றது. வழுக்கலைத் தடுத்தால் கசங்கலும் குறையும், தாங்குந் திறனும் குறையும். இப்பதம் பெற்ற பருத்தி தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கையும், சிலவேளை அதற்கு மேலும், இழக்கின்றது. கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் முதலிற் கிழிவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. யூரியாப் பிசின் ஏறிய துணியை வெளிற்றுந் தூளிலிட்டாற் குளோரீன் பிசினிலுள்ள நைதரசனோடு தங்கி, இஸ்திரியின் சூட்டில் அமிலமாகி, துணியை மஞ்சளாக்கி அரிக்கும். வெண்மை வேண்டிச் செய்தது வெண்மையையே கெடுக்கும்.

இதனினும் பெரிது உடல்நலம். பிணையாது எஞ்சிய போமல்டிகைட்டு துணியிலிருந்து மெல்ல வெளியேறித் தோலழற்சியை உண்டாக்கலாம். அதனை மூச்சோடு நாள்தோறும் ஏற்பவர் ஆலைத் தொழிலாளரே. புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக நிறுவனம் 2004இற் போமல்டிகைட்டை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதற் பிரிவிற் சேர்த்தது. யப்பான் 1973இலேயே சட்டத்தால் எல்லை வகுத்தது: தோலைத் தொடும் ஆடைகளிற் பத்து இலட்சம் பங்குக்கு 75 பங்கு, குழந்தையாடைகளில் அதனினும் மிகக் குறைவு. இதனாற் போமல்டிகைட்டு குறைவாக வெளியேறும் பிசின்கள் வந்தன. போமல்டிகைட்டே அற்ற காபொட்சிலிக் அமிலங்களும் ஆராயப்பட்டன. எலுமிச்சம்பழத்திலுள்ள சித்திரிக் அமிலமும் இப்பணியைச் செய்யும்; எனினும் சூட்டில் துணியைச் சிறிது மஞ்சளாக்குகின்றது. குறையற்ற பதம் எதுவும் இன்னும் கிட்டவில்லை.

தீயைத் தடுக்கும் பதம் உயிரைக் காப்பது. செலுலோசு சூடேறியதும் எரியத்தக்க ஆவிகளாகப் பிரிகின்றது, அவையே சுவாலையாகின்றன. பொசுபரசுச் சேர்வைகள் செலுலோசிலிருந்து நீரைப் பிரித்து, ஆவிக்குப் பதிலாகக் கரியை எஞ்சச் செய்கின்றன. கரி பரவி எரியாது. பிரான்சிய அறிஞர் கே-லுசாக் 1821இல் அமோனியம் உப்புக்களும் வெண்காரமும் நாடகமேடைத் துணிகளைத் தீயிற் காக்கும் எனக் காட்டினார். ஆனால் அவை துவைத்தாற் கரைந்துபோகும். துவைத்தாலும் நிலைக்கும் பொசுபரசுப் பதத்தை 1950களில் முன்கூறிய நியூ ஓர்லியன்ஸ் ஆய்வுகூடத்தினர் ஆக்கினர். எனினும் துணியின் விலையும் விறைப்பும் கூடின. நம் நாட்டிலோ மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்குச் சரிந்து ஆடையிற் பற்றி எரிந்தோர் பலர் ஏழைகள். அவர்கள் விலை கூடிய துணியை வாங்குவதெங்ஙனம்? வைத்தியர் விஜய கொடகும்புர துணியை விடுத்து விளக்கை மாற்றினார். எளிதிற் சரியாத, சரிந்தாலும் உருளாத, திருகுமூடியுடைய குட்டையான கண்ணாடி விளக்கை ஆக்கிப் பரப்பினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். இரசாயனம் செய்யத்தக்கது எது, செய்யவேண்டாதது எது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

நீர் ஒட்டாமைப் பதமும் எண்ணத்தக்கது. தாமரையிலைத் தண்ணீர்போல மழைத்துளி உருண்டோட, முன்னர் மெழுகும் பின்னர் சிலிக்கோனும் பூசினர். எண்ணெயும் கறையும் கூட ஒட்டாதிருக்கப் புளோரீன் செறிந்த காபன் சேர்வைகள் வந்தன. புளோரீனும் காபனும் கொண்ட பிணைப்பு மிக வலியது. அதுவே அதன் பெருமை, அதுவே அதன் கேடு. மண்ணிலும் நீரிலும் உடலிலும் அது அழிவதில்லை. ஆதலால் இவ்வகுப்பைச் சேர்ந்த சில சேர்வைகள் 2009இலும் 2019இலும் ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலில் இடப்பட்டன.

துணி ஏற்காத இரசாயனமெல்லாம் நீரொடு போகும். அந்நீர் எங்கே போகின்றது? திருப்பூர் இதற்கு விடை சொல்லும். அங்கு வெளிற்றுஞ் சாலைகளும் சாயச்சாலைகளும் பல ஆண்டுகளாக உப்பும் நிறமும் கலந்த நீரை நொய்யலில் விட்டன. பாசனத்துக்கென 1992இற் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழுள்ள வயல்கள் உவர்பட்டன. 2011 சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை முற்றாகத் தடுக்காத நூற்றுக்கணக்கான சாலைகளை மூட ஆணையிட்டது. ஆணையால் வேலையிழந்தவரும் ஏழைகளே. உவர்நிலத்தை வைத்திருந்தவரும் ஏழைகளே. தொடக்கத்திலேயே நீரைச் சுத்திகரித்திருப்பின் இருசாராரும் தப்பியிருப்பர்.

நமக்கும் ஓர் ஆறு உண்டு. பேலியகொடை களனி கங்கையின் வடகரையில் அமைந்தது. அதற்கு மேற்புறத்தே அம்பத்தலையிற் கொழும்பு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி அவ்வாற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றது. பியகம கைத்தொழில் வலயமும் அதே ஆற்றின் வடிநிலத்திலேயே உள்ளது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் 1981இல் நிறுவப்பட்ட மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் கழிவுநீருக்கு எல்லை விதிக்கின்றன. சட்டம் ஏட்டில் இருத்தல் போதாது. கழிவுநீரை அளந்து பார்க்கும் கண்ணும், அளந்ததை மறையாது கூறும் நாவும் வேண்டும். இரசாயனங் கற்ற மாணவர் இப்பணிக்கு உரியர்.

துணி வாங்குவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளலாம். கசங்காத புத்தாடையை, சிறப்பாகக் குழந்தைகட்கு உரியதை, ஒருமுறை துவைத்தே உடுத்துக. தங்கிய போமல்டிகைட்டு பெருமளவு நீங்கும். அத்தகைய துணிக்கு வெளிற்றுந் தூளைத் தவிர்க்க. சமையலறையில் தொங்கும் முந்தானையைச் செருகிக்கொள்க. தீத்தடைப் பதம் நம்முடைய சேலைகளில் இல்லை. வெயிலில் நிற்கும் பாடசாலைப் பிள்ளைக்குக் கசங்காமையினும் காற்றும் வியர்வை உறிஞ்சலுமே முதற்றேவை.

ஒரு பதத்தை நல்லதென்றோ தீயதென்றோ ஒரே சொல்லில் முடித்துவிடல் அறிவியல் நெறியன்று. அது எக்குணத்தைத் தருகின்றது, அக்குணம் உண்மையில் வேண்டப்படுகின்றதா, அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்டல் வேண்டும். விலையை உடுப்பவன் கொடுத்தால் அது அவன் தெரிவு. ஆலைத் தொழிலாளியின் நுரையீரலும் ஆற்றோரத்தான் கிணறும் கொடுத்தால், அவ்வாடை எவ்வளவு வெண்மையாயினும் அதிற் கறை உண்டு.